விறைத்த காலும் கரைவலைக் கயிறும்

படிப்பு எனக்கு ஏறவில்லை. ஆனாலும் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் சொந்தக் கரைவலை போட்டு, ஆள் வைத்து இழுப்பிக்கும் சம்மாட்டி நான். என் கயிறு பிடித்தவர்களில் ஒருவன் மட்டும் மனதை விட்டுப் போகிறானில்லை.

அடம்பன் ஊரில் குடியேறி, அங்கிருந்து புதிதாக வேலைக்கு வந்த மலையகத்து ஆள். ஒல்லி உடம்பு, ஒரு பக்கம் சாய்ந்த நடை. சோறு தின்றாலும் நின்றபடிதான்.

"நாரி நோகுதோ?" என்று கேட்டேன்.

"நாறுதா? குளிச்சிட்டுத்தாங்க வந்தேன்."

கரையே சிரித்தது. இடுப்பைத்தான் நாங்கள் நாரி என்போம் என்று விளங்கப்படுத்தினேன்.

"இடுப்புத் தட்டு தேஞ்சு நரம்ப அழுத்துதாங்க. காலு விறைச்சு உணர்ச்சி இல்லாமப் போனா உடனே ஓடி வரச் சொன்னாரு டாக்டரு," என்றான்.

பிறகொரு நாள் காலையில், வலை பாதி வந்திருந்த நேரம், சிப்பி வெட்டி அவன் காலில் இரத்தம் ஓடியது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

"கால் விறைச்சிட்டுதடா! கயிற்றை விடு, ஆசுபத்திரிக்குப் போவம்."

"மாட்டேங்க. வலையோட மடி கரையேற முந்தி விட்டவனுக்குப் பங்கில்லனு நீங்கதானே சொன்னீங்க?"

"உனக்குப் பங்கு தாறன், விடடா."

"மத்தவங்க இழுக்க, நான் சும்மா வாங்கவா?"

பாதம் மணலில் இழுபட இழுபட, பின்பக்கமாக நடந்து இழுத்தான்.

அதுவரை என் சொல்லைத் தட்டிய ஆள் இந்தக் கரையில் இல்லை. "எல்லாரும் விடுங்கோடா கயிற்றை!" என்று கத்தினேன். விட்டார்கள். வலை தளர்ந்து, பட்ட மீனெல்லாம் கடலுக்கே போனது.

அதன் பிறகுதான் அவன் கை திறந்தது. ஆட்டோவில் சரிந்து கிடந்தபடி, ஆசுபத்திரி வாசல்வரை என்னை ஏசிக்கொண்டே வந்தான்.

"அத்தன மீனையும் விட்டுட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு சம்மாட்டியா?"

என்னை ஏசியவனை நான் தோளில் தாங்கி நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.