எத்தினி பக்கெட்டு?

உஷாராணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது பாகூர் கொம்யூனில் அத்தனை ஊருக்கும் தெரிந்த சங்கதி. சிலிண்டர் போடும் ஆள் முதல் மினி பஸ் கண்டக்டர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவள் போட்ட சண்டையை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே உப்பங்கழியில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிப்போகும் டீசல் போட் ஒன்றில் அவளுக்குப் பதினாலு வருஷ வேலை. முதலாளி உலகநாதன். விடிந்ததும் போட்டுக்குள் இறங்கி, ராத்திரி அடியில் ஊறி நிற்கும் தண்ணீரைப் பக்கெட்டால் இறைத்து வெளியே ஊற்ற வேண்டும். மோட்டார் வைத்தும் இறைக்கலாம்தான். மோட்டாரைவிட உஷாராணி மலிவு. அப்புறம் சீட்டைத் துடைத்து, லைஃப் ஜாக்கெட்டைக் காயப்போட்டு, வருகிறவர்களைக் கைபிடித்து ஏற்றிவிட வேண்டும்.

அவளுடைய அம்மா செத்த பிறகு பாகூரில் இருந்த மனையில் ஒரு பங்கு வந்தது. விற்றாள். ஆயுசுக்கும் அவள் கையில் மொத்தமாக வரப்போகிற பணம் அது ஒன்றுதான். 'அடுத்தவன் போட்டைக் கழுவினது போதும், இனிமேல் கழுவினால் என் போட்டைத்தான்' என்று முடிவு கட்டிவிட்டாள். புதுசு வாங்க அந்தப் பணம் எந்த மூலைக்கு? பழசுதான் பார்க்க வேண்டும். பார்த்த இரண்டும் சரிப்படவில்லை. மூன்றாவது, அதே கழியில் ஓடும் சிவப்பிரகாசத்தின் போட். கேபின் வைத்தது, இருபத்துநாலு சீட்டு, நீலமும் வெள்ளையுமாகப் புதுப் பெயிண்ட்.

கூடவே புருஷன் டேனியல். உறுவையாறு கிராமத்தில் கரும்புக்காரர்களிடம் டிராக்டர் ஓட்டுகிறவன். டீசல் குடிக்கிற எதுவானாலும் தனக்கு அத்துப்படி என்று நினைப்பு. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதுமே அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"பொகையப் பாரு உஷா, கறுப்பே இல்ல! இன்னா மாதிரி ஓடுது!" ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்தான், மோந்து பார்த்தான், தலையை ஆட்டினான். டிராக்டர் வாங்கப் போனாலும் இதையேதான் செய்வான். டிராக்டர் தரையில் நிற்கிறது, போட் தண்ணீரில் நிற்கிறது என்று மூன்று வாரமாக அவனுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

"அண்ணே, அடிப்பலகையத் தூக்குங்க, பாக்கணும்" என்றாள் உஷாராணி.

சிவப்பிரகாசம் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "சார், வூட்டம்மாவுக்கு சீட் கவர் கலரு புடிச்சிருக்கான்னு கேளுங்க" என்றான் டேனியலிடம். டேனியலும் இளித்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சீட் கவரா? கேக்குறது நானு, நீ அவருகிட்ட பதில் சொல்ற? காசு யாருதுன்னு நெனச்ச? எங்கம்மா மனைக்காசு!"

சொல்லிக்கொண்டே தானே குனிந்து பலகையைத் தூக்கினாள். உள்ளே ஒரு சொட்டு இல்லை, துடைத்துவிட்டிருந்தது. புத்தம் புது போட் என்றாலும் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் வழியாக ராத்திரியில் இரண்டு பக்கெட்டாவது கசியும். இது இவ்வளவு சுத்தமாக இருக்கிறதென்றால், எதையோ மறைக்கத்தான் யாரோ இப்போதுதான் துடைத்திருக்கிறார்கள்.

"கரையில ஏத்து. அடிப்பக்கம் பாக்கணும்."

"கிரேனு வர நாலு நாளு ஆவும்மா. திங்கக்கெழம வேற பார்ட்டி வருது. ஒங்க இஷ்டம்."

டேனியல் அவள் காதோரம் வந்தான். "நாலு பேரு முன்னால மானத்த வாங்காத உஷா. நல்ல எஞ்சினு, கை நழுவிடும்." பையிலிருந்த தட்டை எடுத்து, வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸை வைத்துச் சிவப்பிரகாசத்திடம் நீட்டியும்விட்டான்.

அப்போதுதான் கரையில் லைஃப் ஜாக்கெட்டைப் பிழிந்துகொண்டிருந்த பவுனம்மாள் கண்ணில் பட்டாள். அறுபது வயசு இருக்கும், இந்தப் போட்டுக்குத் தண்ணீர் இறைக்கிறவள். டீசல் கலந்த தண்ணீரிலேயே கிடந்து விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. உஷாராணியின் கையும் அப்படித்தான். நேரே அவளிடம் போனாள்.

"அக்கா, காலைல எத்தினி பக்கெட்டு?"

தண்ணீர் இறைக்கிறவளைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றாது. பவுனம்மாள் முதலாளியைப் பார்த்தாள். ஒரு ஜாக்கெட்டை உதறிக் கயிற்றில் போட்டாள்.

"முப்பத்தெட்டு" என்றாள். "மழ பேஞ்சா எண்ணுறதில்ல."

உஷாராணி திரும்பி வந்த வேகத்தில் தட்டைப் பிடுங்கினாள். வெற்றிலை கழியில் விழுந்தது. "முப்பத்தெட்டு பக்கெட்டு! ஓட்டப் போட்டுக்குப் பெயிண்ட்ட அடிச்சு என் தலைல கட்டப் பாத்தியே, நீ நல்லா இருப்பியா? யோவ் டேனியலு, மோந்து பாத்தியே, இத மோந்தியா?"

சிவப்பிரகாசம் கரைப் பக்கம் திரும்பினான். "ஏய் கெழவி! நாளைலேந்து இந்தப் பக்கம் வந்த, காலு இருக்காது!" என்று பவுனம்மாள் மேல் பாய்ந்தான்.

அதற்கும் பதில் கொடுக்க உஷாராணி வாயெடுத்தாள். ஆனால் பவுனம்மாள் அவளைத்தான் முறைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒங்காசு தப்பிச்சுதுல்ல? கெளம்பு. போன புதங்கெழம இதே போட்டுல நாப்பது பள்ளிக்கூடப் புள்ளைங்கள அடச்சுகினு போனான். அன்னிக்கு எவளாவது வந்து எத்தினி பக்கெட்டுன்னு கேட்டாளா? நானும் வாயப் பொத்திகினுதான் இருந்தேன், எனுக்கும் அறிவில்ல. ஆனா நீயும் எறைக்கிறவதான, ஒனக்கும் தெரியாதாடி?"

உஷாராணி தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள். கல்யாணமான நாளாக அவள் ஒரு சண்டையைப் பாதியில் விட்டு டேனியல் பார்த்ததில்லை.

வண்டியில் திரும்பும்போது சிவப்பிரகாசத்தைத் திட்டினாள், டேனியலைத் திட்டினாள். வீடு நெருங்கத் திட்ட ஆள் தீர்ந்துபோனது. உலகநாதன் போட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ஆறு பக்கெட். அன்று காலை இருபத்தாறு. வருஷா வருஷம் ஏறியதை எண்ணியவள் அவள் ஒருத்திதான், ஒருத்தரிடமும் சொன்னதில்லை. பயந்த பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றும்போதெல்லாம் "ஒண்ணியும் ஆவாது கண்ணு, ஏறு" என்று சொல்லியிருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆறு மணிக்கே உலகநாதன் போட்டுக்குப் போனாள். தண்ணீரை இறைக்கவில்லை. அடிப்பலகை அத்தனையையும் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு, ஏறும் பலகை மேல் காலிப் பக்கெட்டோடு நின்றுகொண்டாள். ஒன்பது மணிக்குக் கூட்டம் வந்தது. பின்னாலேயே உலகநாதன்.

"இன்னா உஷா, இன்னும் எறைக்கல?"

"எறைக்க மாட்டேன். வர்றவங்க பாத்துட்டு ஏறட்டும்."

"வேல வேணாமா ஒனக்கு?"

"வேணாம்யா."

கைக்குழந்தையோடு முன்னால் நின்ற பெண், "ஏம்மா, போட்டு போவாதா?" என்று கேட்டாள்.

"போவும். திரும்பி வருமான்னு எனுக்குத் தெரியாது. இருபத்தாறு பக்கெட்டு நிக்கிது, எட்டிப் பாரு."

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். கறுத்த தண்ணீர் ததும்பியது. குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவளைப் பார்த்து வரிசையும் நகர்ந்தது.

உலகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தான். "நீ இல்லன்னா ஆளே கெடைக்காதா? சிவப்பிரகாசம் நிறுத்துனானே அந்தப் பவுனம்மா, அவள வரச் சொல்றேன்."

"சொல்லு, வரட்டும்" என்றாள் உஷாராணி. "அவளுக்கும் எண்ணத் தெரியும்."