மறுதேர்வுக்குத் தங்கையோடு வந்தவன்

1. முதல் இடம்

அந்த ஆண்டு நுழைவுத் தேர்வு மதிப்பெண்கள் வந்த காலையில், எங்கள் கல்லூரி முதல்வர் சந்திரமோகன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரே பையனின் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று எங்கள் தேர்வில் அவன் வாங்கிய மதிப்பெண். எழுதியவர்களில் அவன்தான் முதல். இன்னொன்று எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வில் அவன் பெற்ற முடிவு. மலாய், ஆங்கிலம், கணிதம் மூன்றில் மட்டும் கிரெடிட் என்ற நல்ல தேர்ச்சி. மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறி வாங்கிய பாஸ். இயற்பியலுக்கு நேரே கிரேடே இல்லை. தேர்வுக்கு வரவில்லை என்ற குறி மட்டும் இருந்தது.

எங்கள் நுழைவுத் தேர்வில் பாதிக் கேள்விகள் இயற்பியல்.

"பிசிக்ஸ் பேப்பருக்கே போகாத பையன், நம்ம பிசிக்ஸ்ல முதலா வர்றான். நீங்க நம்புறீங்களா ராணி?" என்று கேட்டார்.

மலாக்கா நகரில் உள்ள அந்தத் தனியார் கல்லூரியில் நான் சேர்க்கைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். மூன்று கிரெடிட் இருந்தால் டிப்ளோமாவில் சேரலாம் என்பது விதி. அந்த வகையில் தினேஷ் என்ற அந்தப் பையனுக்குத் தடையில்லை. ஆனால் அவன் கேட்டது மின்னணுவியல் பிரிவில் கட்டணமில்லா இடம். அப்படிப்பட்ட இடங்கள் எங்களிடம் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். கேட்பவர்களோ கவுண்டர் நிறைய நிற்பார்கள்.

சாரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கட்டணமில்லா இடம் வாங்கிய சிலர் பாதியில் நின்றுவிட்டார்கள். அந்த நாற்காலிகள் கடைசிவரை காலியாகவே இருந்தன. "டெஸ்ட்டு ஒரே காலையில முடிஞ்சிடும். கிரேடு, தெனம் ஸ்கூலுக்குப் போனவனுக்குக் கெடைக்கறது. எனக்குத் தெனம் வர்ற பையன் வேணும்லா" என்றார்.

இரண்டு விரிவுரையாளர்கள், கேள்வித்தாள் முன்கூட்டியே அவன் கைக்குக் கிடைத்திருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். கடைசியில், புதுக் கேள்விகளோடு ஒரு மறுதேர்வு வைப்பது என்று முடிவானது. இடம், என்னுடைய அலுவலக அறை. நாள், அடுத்து வந்த புதன்கிழமை.

2. புதன்கிழமை

நான் போனில் சொன்னபோது தினேஷ் கோபப்படவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டான். நாள் குறித்தாகிவிட்டது என்றேன்.  வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

புதன்கிழமை காலை அவன் தனியாக வரவில்லை. பதினோரு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தான். அவள் காதுகளை, சத்தம் புகாதபடி ஒரு பெரிய ஆரஞ்சு நிற மூடி அடைத்திருந்தது.

"என் தங்கச்சி ஷாமினி, மிஸ். ஆட்டிசம். பேச மாட்டா, ஆனா நாம பேசறது எல்லாம் அவளுக்குப் புரியும். அப்பா பஸ் ஓட்டப் போயிட்டாங்க, அம்மாவுக்குச் சிங்கப்பூர்ல வேல. விட்டுட்டு வர ஆள் இல்ல" என்றான்.

அவர்கள் வீடு கடலோரத்தில், தங்கா பத்துவில் இருந்தது. அப்பா, பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸின் ஓட்டுநர். விடியுமுன் கிளம்பினால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆள் இறக்கி, ஆள் ஏற்றி, இருட்டிய பிறகுதான் வீடு.

என்ன செய்தால் ஷாமினிக்குப் பிடிக்கும் என்று கேட்டேன். தண்ணீர் என்றான். அறை மூலையில் குடிநீர் இயந்திரம் இருந்தது. பக்கத்தில் காகிதக் கோப்பைகளை அடுக்கி வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக நிரப்பி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றத் தொடங்கினாள். பின்னாலிருந்து அவளைத் தொட வேண்டாம் என்று தினேஷ் சொல்லிவிட்டு, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான்.

கொஞ்ச நேரத்தில் அவள் ஒரே சுருதியில் முனகினாள். தினேஷ் தலையை நிமிர்த்தவில்லை. எழுதிக்கொண்டே அதே சுருதியில் அவனும் மெல்ல முனகினான். அவள் அடங்கினாள். இது பல தடவை நடந்தது. அவன் கை நிற்கவே இல்லை.

பிறகு பக்கத்து அறையில் யாரோ பெரிய பிரிண்டரை ஓடவிட்டார்கள். காதை மூடியிருந்தும் அந்த அதிர்வு அவளை எட்டிவிட்டது. கோப்பைகள் எல்லாம் கவிழ்ந்தன. ஷாமினி அலறிக்கொண்டு தன் தலையில் தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தினேஷ் பேனாவை வைத்துவிட்டு வந்து ஈரத் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். அவள் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. தன் உள்ளங்கையை அவள் தலைமேல் வைத்தான். அதன் பிறகு விழுந்த அடியெல்லாம் அவன் புறங்கையில்தான் விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை. அடி மெதுவாகி, நின்று, அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

சத்தம் கேட்டு வந்த சந்திரமோகன் சார் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் போய், பிரிண்டரை நிறுத்தச் சொன்னார்.

போன நேரத்தைச் சேர்த்துத் தருகிறேன் என்றேன். தினேஷ் வேண்டாம் என்றான். "அப்புறம் அதுக்கும் சந்தேகம் வரும், மிஸ்."

இந்த முறை அவன் மதிப்பெண் முந்தைய அளவுக்கு இல்லை. கடைசிக் கேள்விகளைத் தொடவே நேரமில்லை. ஆனால் தொட்டதில் ஒன்றுகூடத் தவறில்லை.

3. சார் கேட்டது

அன்றே சார் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். நானும் உடனிருந்தேன். ஷாமினி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேட்கக் கேட்கச் சொன்னான். அம்மா வெள்ளிக்கிழமை ராத்திரி சிங்கப்பூரிலிருந்து வந்து, ஞாயிறு மாலை திரும்பிப் போவார். எங்கள் நுழைவுத் தேர்வு நடந்தது சனிக்கிழமை. பள்ளித் தேர்வுகளோ எல்லாம் வார நாள்கள். ஷாமினியை வேனில் ஏற்றி அவளுடைய சிறப்பு வகுப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் அவன் கிளம்ப முடியும். அவள் ஏறாத நாளில் அவனும் பள்ளிக்குப் போனதில்லை. இயற்பியல் தேர்வன்று காலை, அவள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். தேடிக் கண்டுபிடித்தபோது கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாளாம்.

இதையெல்லாம் பள்ளியில் சொன்னாயா என்று கேட்டேன். தங்கச்சியால்தான் படிப்புப் போனது என்று யாரும் பேசிவிடக் கூடாது, அதனால் சொல்லவில்லை என்றான்.

சார் கடைசியாக ஒன்று கேட்டார். "இங்க கிளாஸ் நடக்கறப்ப வீட்லேர்ந்து போன் வருது. என்ன செய்வே?"

சமாளித்துக்கொள்வேன் என்று சொல்லிவிடு, தம்பி, என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"போவேன் சார்" என்றான். பிறகு, "போயிட்டுத் திரும்பி வந்துடுவேன்."

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் இருவரும் போன பிறகு என்னிடம் சொன்னார்: "கிரேட விடுங்க ராணி. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அந்தப் பிள்ளைய யாரு பாத்துக்கறது? அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. சீட்டு இவனுக்குத்தான்."

என் வேலையில் அதுவரை இல்லாத வேலை அது. ஊனமுற்ற பிள்ளைகளுக்காக நடத்தும் சமூக மறுவாழ்வு நிலையம் ஒன்று அவர்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருந்தது. மலாய்ப் பெயரைச் சுருக்கி எல்லாரும் அதை பி.டி.கே. என்பார்கள். அங்கே பேசி, அவளுடைய வகுப்பு இல்லாத நேரங்களுக்கு ஓர் இடம் வாங்கினேன். தினேஷின் அப்பாவையும் வரச் சொன்னேன்.

அவர் சீருடையோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "படிப்பு ஏறாதுன்னு நெனச்சுட்டோம் மேடம். என்கூட ஃபேக்டரி பக்கம் சேத்து விடலாம்னு இருந்தேன்" என்றார். முதல் தேர்வின் மதிப்பெண்ணைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். மகனுடையதுதானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, போனில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். சிறிது நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து அவருடைய குரல் பதிவு ஒன்று போனில் வந்தது. மதிப்பெண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. "பிள்ள இன்னிக்கிப் பசியாறினானா, கேளுங்க" என்று மட்டும் இருந்தது. அவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்பா கம்பெனியில் கேட்டு, காலையில் ஒரு நடையைக் குறைத்துக்கொண்டார். அப்படியும் முதல் பருவம் நன்றாகப் போனது என்று சொல்ல மாட்டேன். பி.டி.கே.யின் படியேறவே ஷாமினிக்கு வாரக்கணக்கில் ஆனது. தினேஷுக்குப் போன் வரும்; வகுப்பிலிருந்து எழுந்து போவான். சொன்னபடி திரும்பியும் வருவான். ஈரக் கால்சட்டையோடு வந்து உட்கார்ந்த நாளும் உண்டு. ஒரு பாடத்தில் தோற்று மறுபடி எழுதினான். விரிவுரையாளர்கள் முணுமுணுத்தபோது, சந்தேகப்பட்டவர்களில் ஒருவரே தன் பாடக் குறிப்புகளை அவனுக்கு முன்கூட்டியே அனுப்ப ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு ஷாமினி தானாக வேனில் ஏறினாள். அதற்குப் பிறகு அவன் மதிப்பெண்கள் அந்தச் சனிக்கிழமைத் தேர்வைப் போலவே இருந்தன.

இப்போது அவன் பத்து பெரண்டாமில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருக்கிறான். அம்மா சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் இளையவர்கள் அவ்வப்போது போன் செய்து, கிரேடு மோசம், டெஸ்ட் மார்க் பிரமாதம், எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. வேலையில்லாமல் விளையாடித் திரிந்து கிரேடைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட சிலரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். டெஸ்ட், அந்தப் பிள்ளையால் என்ன முடியும் என்று சொல்கிறது. கிரேடு, அதைச் செய்ய அவனுக்கு எப்படிப்பட்ட நாள்கள் கிடைத்தன என்று சொல்கிறது. இரண்டுமே பொய்யில்லை. இரண்டும் ஒத்துப்போகாதபோது பிள்ளையை நேரில் வரவழைத்து, பரீட்சை நடந்த நாளில் வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

சில பிள்ளைகள் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது அடுத்தவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.