மையில்லாத கல்யாணப் பத்திரிகை

எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறிய வயதில், எழுத்தே இல்லாத ஒரு காகிதத்தைத் தங்குதடையின்றிப் படித்துக் காட்டியவன் நான். பிற்காலத்தில் பல மேடைகளில் அந்தத் திறமையை வைத்தே காலம் தள்ளினேன். ஆனால் அதன் அரங்கேற்றத்தன்று சித்தப்பாவின் பிழைப்பு போயிற்று.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். சீமைக்குக் கப்பலேறப் போன ஒரு வெள்ளைக்காரர் பெங்களூரில் ஏலத்தில் விட்ட கை மெஷின் ஒன்றைச் சித்தப்பா தர்மபுரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மேலே நீளமாக ஒரு கைப்பிடி. இரண்டு முனையிலும் பூசணிப் பிஞ்சு போல இரும்புக் குண்டு. சுழற்றி இறக்கினால் காகிதத்தை வேண்டிய வடிவில் வெட்டும். தகட்டை மாற்றினால், மையே இல்லாமல் எழுத்தைப் புடைத்து நிற்க வைக்கும். அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுல எண்ணெ ஆட்ட முடியுமாடா?" என்று கேட்டார்.

முடியாது என்று தெரிந்ததும் தீர்ப்புச் சொன்னார். "பெரியவ கல்யாணப் பத்திரிகைய இதுலயே அடி. நல்லா வந்தா முன்ரூமு உனக்கு, கடை போட்டுக்க. இல்லைன்னா இது பழைய இரும்புக்குப் போவுது, நீ சேலத்து மண்டிக்குப் போற."

"சரிங்கண்ணா" என்றார் சித்தப்பா.

பித்தளைத் தகட்டில் வாசகத்தை ஊர்ப் பத்தர் செதுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பாடு. அழுத்தி இறக்கினால் மாப்பிள்ளையின் பெயரில் ஓட்டை விழுந்தது. பயந்து இறக்கினால் அக்காவின் பெயர் எழுந்திருக்கவே மறுத்தது. பழைய காலண்டர் அட்டைகளையெல்லாம் கிழித்துத் தள்ளிய பிறகே வித்தை பிடிபட்டது. காகிதத்தைச் சற்று நேரம் ஈரத்துணியில் மூடி வைக்க வேண்டும். அடியில் மை ஒற்றும் தாளை மெத்தையாகக் கொடுக்க வேண்டும். கைப்பிடியை இறக்கியதும் விட்டுவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். பிறகு ஒன்றோடொன்று ஒட்டாமல் நிழலில் உலர்த்த வேண்டும்.

"காஞ்சாத்தான்டா எழுத்து நிக்கும். மறுபடி ஈரம் பட்டா படுத்துக்கும்" என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். வீட்டில் வேறு யாரும் காது கொடுக்கவில்லை. ஒவ்வொரு பத்திரிகையையும் விரலால் தடவிப் படிக்கச் சொல்வார். அப்படித்தான் வாசகம் முழுவதும் எனக்கு மனப்பாடமாயிற்று.

கலச வடிவில் வெட்டி, எழுத்துப் புடைத்து, பத்திரிகைகள் பளிச்சென்று வந்தன. அத்தோடு கெட்டிக் காகிதமும் தீர்ந்தது. சண்டைக் காலத்தில் இன்னொரு கட்டுக்குச் சேலத்தில்கூட வழியில்லை.

அம்மாவுக்கு அந்த வெள்ளைதான் உறுத்தியது. "கருமாதிக் காயிதமாட்டம் மொட்டையா இருக்குதே" என்று பதறி, கை நிறைய மஞ்சள் அரைத்தாள். நாலு ஓரத்திலும் தடவினாள். மனம் ஆறாமல் நடுவிலும் தாராளமாகத் தடவினாள். காகிதம் ஈரத்தில் சுருண்டது. அடுக்கி வைத்து, அம்மிக்குழவியை அதன்மேல் படுக்க வைத்தாள். சித்தப்பா வெளியே போயிருந்தார்; மஞ்சள் வாசனையை ரசித்தபடி நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் வழவழவென்று படிந்திருந்த பத்திரிகைகளில் ஒன்றை அவளே கவரில் போட்டு, வெற்றிலைத் தட்டில் வைத்தாள். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அதாவது பென்னாகரத்தில் இருந்த அவள் அண்ணனுக்கு.

அப்பா, சித்தப்பா, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். மாமா வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். மாமா கவரைப் பிரித்தார். புரட்டினார்.

"என்ன மச்சான், எழுத்தக் காணம்?"

"தடவிப் பாருங்க" என்றார் சித்தப்பா, குரலில் பெருமை வழிய.

மாமா தடவினார். "மஞ்சதான் ஒட்டுது. கண்ணு, நீதான் பள்ளிக்கூடம் போறியே, படி."

வாங்கினேன். படித்தேன். சுபமுகூர்த்தத்திலிருந்து சுற்றமும் நட்பும் வரை ஒரு சொல் பிசகவில்லை. உறவுக்காரர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். மாமா மட்டும் குனிந்து என் கையைப் பார்த்தார்.

"கலசத்தத் தலகீழா புடிச்சுக்கிட்டு என்னமா படிக்கிறான்யா!"

கூடமே சிரித்தது. மாமா அப்பா பக்கம் திரும்பினார். "எந்தங்கச்சி மவ கல்யாணத்துக்கு வெத்துக் காயிதம் கொண்டாந்திருக்கீங்க. பந்தியிலயும் வெத்து எலதானுங்களா மச்சான்?"

அப்பா சிரிக்கவில்லை. சித்தப்பா என் கையிலிருந்து அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்; முகர்ந்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் அம்மா ஆவலோடு நின்றிருந்தாள். அவள் எதிரிலேயே அப்பா, "எப்படிடா போச்சு எழுத்து?" என்று கேட்டார்.

சித்தப்பா அம்மாவை ஒரு முறை பார்த்தார். "மெஷினுதாங்கண்ணா. புடி நிக்கல. நாந்தான் சரியாப் பாக்கல."

அந்த வாரமே மெஷின் வண்டியேறிப் பழைய இரும்புக்குப் போயிற்று. அக்கா கல்யாணத்துக்கு வாயால்தான் அழைத்தோம். கல்யாணம் முடிந்ததும் சித்தப்பா சேலத்து மண்டிக்குப் போய், தலை நரைக்கும்வரை மூட்டைகளோடு கிடந்தார். "அந்த இரும்ப நம்புனதே தப்பு தம்பி" என்று அவர் வரும்போதெல்லாம் அம்மா சொல்வாள். அவரும், "ஆமாங்கண்ணி" என்பார்.

கல்யாண வீட்டில் மஞ்சள் பட்டதால்தான் பத்திரிகை கெட்டது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதும், சொல்லியிருந்தால் அம்மா என்ன ஆகியிருப்பாள் என்பதும் எனக்குப் புரிந்தபோது, இருவரும் இல்லை.

அன்று அப்பாவுக்குப் பதில் சொல்லிவிட்டுச் சித்தப்பா நேரே உள்ளே போனார். மிச்சப் பத்திரிகைகளின்மேல் குழவி இன்னும் படுத்திருந்தது. அதைத் தூக்கி, அதில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தன் துண்டால் சுத்தமாகத் துடைத்து, அம்மிமேல் கொண்டுபோய் வைத்தார்.

"அத ஏன் தம்பி நீங்க தூக்கறீங்க?" என்று பின்னாலேயே வந்த அம்மா கேட்டாள்.

வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாத சித்தப்பாவுக்கு இன்றைக்கு என்ன இவ்வளவு பொறுப்பு வந்துவிட்டது என்று நானும் ஆச்சரியப்பட்டேன்.