ஒன்பதாவது துவாரம்

இது நடந்தது. நம்பாதவர்களிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை. இத்தனை வருடமாகியும் அந்த ஆத்திரமே இன்னும் அடங்கவில்லை.

1997 மே மாதம். நான் பியூலா, பாளையங்கோட்டைக்காரி. வீடுகளுக்கு ஏசி வைக்கத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. தச்சநல்லூரில் அரிசி வியாபாரி காந்திமதிநாதன் புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மொட்டைமாடியில் ஒரே மெஷின். அங்கிருந்து கூரைக்கடியில் காற்றைக் கொண்டுபோகும் தகர டக்ட் ஓடும். அறைக்கு ஒரு துவாரம் வழியாகக் காற்று வரும். மொத்தம் எட்டு துவாரம். குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும் என்பதால் எட்டுமே சுவரின் உச்சியில். பின்கட்டு ஸ்டோர் ரூமுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அதற்கு ஜன்னலே கிடையாது. மனிதர் தங்குகிற அறையும் இல்லை.

திங்கட்கிழமை காலை 10.40. வரைபடத்தை விரித்தேன். ஸ்டோர் ரூமில் ஒன்பதாவதாக ஒரு துவாரம் இருந்தது. பென்சிலால் போட்டது. அதுவும் தரையில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருடமாக இதே பாடு. பொம்பளை போட்ட பிளான் என்றால் கொத்தனார் முதல் எலக்ட்ரீஷியன் வரை எல்லாருக்கும் திருத்தக் கை அரிக்கும். டக்ட் செய்ய வந்திருந்த மேலப்பாளையத்துத் தகர வேலைக்காரர் சேக் முகம்மதுவைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அந்தப் பேப்பரைத் தொடவே இல்லை என்று அவர் நிதானமாகச் சொன்னார். நான் நம்பவில்லை. ரப்பரால் அழித்தேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி இருந்தது.

நேரே காந்திமதிநாதனிடம் கொண்டுபோனேன். அங்கே காற்று வேண்டுமென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் பேப்பரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"அந்த ரூமுக்கு ஒண்ணும் வேண்டாம். அழிச்சிரும்மா."

அழித்தேன். அன்று வரைபடத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கைப்பையில். புதன் காலை 7.15க்குத் திறந்தேன்... இருந்தது. அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்று மதியம் 2.10. சேக் முகம்மது தொழுகைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. டார்ச்சும் ஊதுபத்தியுமாக ஸ்டோர் ரூமுக்குள் போனேன். காற்றோட்டம் பார்க்க நாங்கள் செய்வதுதான். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ, காற்று அந்தப் பக்கம் போகிறது. கதவைச் சாத்திவிட்டுப் பத்தியைக் கொளுத்தினேன்.

அடைத்த அறையில் புகை நேரே மேலே போக வேண்டும்.

கீழே போனது.

தரைக்கல் இடுக்குக்குள் நுழைந்தது. நின்றது. திரும்பி வெளியே வந்தது. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே...

மூச்சு மாதிரி.

மணி 2.17.

"யாருலே அது?" என்று கத்தினேன்.

காலுக்கடியில் சத்தம். டொக்... டொக்...

பத்தி அணைந்தது.

மூச்சை இழுத்தேன். வரவில்லை.

கதவு எங்கே...

டொக்...

"காத்து..."

என் காதருகில்.

கதவு திறந்தது. 2.24. சேக் முகம்மது என்னை வெளியே இழுத்துப்போட்டார். தண்ணீர் கொடுத்தார். அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பைய கேட்டார்.

"உள்ள வேற யாரும்மா இருந்தா? ரெண்டு பேரு மூச்சு வாங்குத சத்தம் கேட்டுதே."

அன்று சாயங்காலமே அவர் தெருவில் விசாரித்துவிட்டு வந்தார். வீடு கட்டும் முன்பு ஸ்டோர் ரூம் இருக்கும் இடத்தில் ஒரு வறண்ட கிணறு இருந்ததாம். முந்தைய வருடம் அதில் தூர்வார இறங்கியவர் கொம்பையா. பாதி வேலையில் கேரளாவுக்கு ஓடிவிட்டார் என்று காந்திமதிநாதன் சொல்லியிருந்தார். தெருவும் நம்பியது. கொம்பையாவின் மனைவி சந்தனமாரி மட்டும் நம்பவில்லை. ஒரு வருடமாகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

நானும் அவளோடு போய் நின்றேன். புகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கிணற்றைத் திறந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டேன். விரட்டினார்கள். கலெக்டரிடம் மனு கொடுத்தோம். பதினோரு நாள் அலையவிட்டார்கள்.

தரையை உடைக்க ஆட்கள் வந்ததும் காந்திமதிநாதன் தானாகவே பேசினார்.

"உள்ள விஷக்காத்து. கூப்பிட்டுப் பாத்தேன், சத்தமே இல்ல. செத்துட்டான்னுதான் அன்னைக்கே கல்லப் போட்டு மூடினேன். போலீஸ் கேஸாயிரும்லா."

அவரை அறைந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

வரைபடத்தில் அந்தத் துவாரத்தை யார் போட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பார்த்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கிணற்றுக்குள் இறங்க முப்பதடிக் கயிறு கொண்டுவந்திருந்தார்கள். தேவைப்படவில்லை. மூடியிருந்த கல்லுக்கு ஒரு முழம் கீழே, கிணற்றுச் சுவரின் உச்சிப் படிக்கம்பியில், விழுந்துவிடாமல் இருக்கத் துண்டால் இடுப்பைக் கட்டிக்கொண்டு, எலும்பாக உட்கார்ந்திருந்தார் கொம்பையா.