டிஷ்ஷுக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

போன வருடம் கார்த்திகை தீபத்தன்று என் அண்ணி டிவியில் சேனலை மாற்றினார். கேட்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். எனக்கு அது ஒரு வருடம் நெஞ்சில் கிடந்தது. கோயிலுக்குப் போகும்போதும் கிடந்தது, தக்காளிக்குத் தண்ணீர் கட்டும்போதும் கிடந்தது.

நாங்கள் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி போடுகிறவர்கள். அண்ணனுக்கும் எனக்கும் வீடு முதலில் ஒன்றுதான். அப்பா போன பிறகு நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டோம். மாடியில் மட்டும் அந்தச் சுவர் இடுப்பளவுக்குத்தான் இருக்கும். அவர்கள் பக்கம் காயப்போட்ட துணி காற்றில் எங்கள் பக்கம் விழும். எடுத்து மடித்து வைத்துவிட்டு வருவோம். அப்படித்தான் இருந்தோம்.

வருடா வருடம் தீபத்துக்கு நானும் என் மனைவியும் திருவண்ணாமலைக்குப் போய் மலையைச் சுற்றி வந்துவிடுவோம். மூட்டு தேய்ந்துபோய் அவளால் நடக்க முடியாமல் ஆனதும், அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போக மனம் வரவில்லை. "டிவில பாத்துக்கலாங்க, அதுலயும் அண்ணாமலையார்தானே வர்றாரு" என்றாள். எங்கள் வீட்டு டிவியோ துணி போர்த்தி மூலையில் கிடந்தது. ரோடு அகலப்படுத்தியபோது அறுந்த கேபிள் ஒயரைக் கேபிள்காரர் திரும்ப இழுக்கவே இல்லை. அதனால் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் தீபம் ஏற்றுவதை டிவியில் பார்த்த பிறகுதான் வாசலில் அகல் ஏற்றுவார்கள். என் மனைவி வாசலில் அகல்களை வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டுவிட்டுத்தான் போனாள். தீபத்துக்குச் சற்று முன்னால் அர்த்தநாரீசுவரர் வெளியே வருவார். வருடத்தில் அந்த ஒரு பொழுதுதான், ஆடிக்கொண்டே வந்து உடனே உள்ளே போய்விடுவார். அவர் வரப்போகிறார் என்று எல்லோரும் கை கூப்புகிற நேரத்தில் அண்ணி ரிமோட்டை எடுத்து ஏதோ சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டார்.

"அக்கா, தீபங்க்கா" என்றிருக்கிறாள் இவள்.

"தீபம் பாக்கணும்னா அவங்கவங்க வூட்டுல வாங்கி மாட்டிக்கணும். எனக்கு இதத்தான் பாக்கணும்."

அண்ணனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் தோட்டத்திலிருந்து வந்தபோது தெரு முழுக்க அகல் எரிந்தது. எங்கள் வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. இவள் படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. "மலையில ஏத்தியாச்சுன்னு எதிர் வூட்டுல சொன்னாங்க, வாங்க, ஏத்திடலாம்" என்றாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்று சாமி படத்துக்கு முன்னால் நின்று நான் வேண்டிக்கொண்டதை எழுதக் கூச்சமில்லை. அடுத்த தீபத்துக்கு என் வீட்டில் வெளிச்சம் வர வேண்டும், அவர்கள் வாசல் இருட்டாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். சாமியிடம் இப்படிக் கேட்கக் கூடாது என்று பூசாரி சொல்வார். அவர் வீட்டில் டிவி ஓடுகிறது, சொல்வார்.

எங்கள் பக்கத்தில் டிஷ் மாட்டுகிறவர் அண்ணியின் உடன்பிறந்த தம்பி. அவரிடம் கேட்டேன். ஆடி போகட்டும் என்றார். ஆயுத பூஜை போகட்டும் என்றார். தீபாவளிக்கு மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அண்ணி யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "எந்தம்பி வந்தாத்தானே மாட்ட முடியும்? தீபம் போன பொறவு வருவான்."

அடுத்த நாள் மண்டிக்குத் தக்காளி இறக்கிவிட்டு நேராகக் கடைக்குப் போய் டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கி, காலிக் கூடைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனாலும் போர் மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இது என்ன என்று நினைத்தேன். கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார். தென்கிழக்கே அக்கினி மூலையைப் பார்த்து வை, வானத்தை நல்லா அண்ணாந்து பார்க்கிற மாதிரி சாய், டிவியில் இரண்டு கோடு வரும், மேல் கோடு எப்படியும் வரும், அதை நம்பாதே, கீழே குவாலிட்டி என்று ஒன்று இருக்கும், அது ஏறினால்தான் படம் என்றார். "பக்கத்து வூட்டு டிஷ்ஷப் பாத்துத் திருப்பாதீங்க. அது வேற கம்பெனியா இருந்தா வேற எடத்தப் பாத்துட்டு இருக்கும்" என்றும் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அண்ணன் டிஷ்ஷைப் பார்த்துத் திருப்பியிருக்க மாட்டேன். சத்தியமாக மாட்டேன்.

அக்கினி மூலை என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நெருப்பாய் நின்றவரைப் பார்க்க நெருப்பு மூலையைப் பார்த்து வைக்கச் சொல்கிறார்களே என்று.

மாடியில் இரும்புக் குழாயை நிறுத்தி, சிமெண்ட் போட்டு, இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குழாய் நேராக நின்றது. டிஷ்ஷைப் பூட்டினேன். புது மோட்டார் இறக்கினால், புது டிராக்டர் வந்தால் எப்படிப் பூஜை போடுவோமோ அப்படியே போட்டேன். தட்டு முழுக்கச் சந்தனம், குங்குமம். தட்டுக்கு முன்னால் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் கைப்பிடி அளவுக்கு ஒரு சாமான். கடைக்காரர் அதைக் கண்ணு என்றார். கண் என்றால் அதற்கு விபூதி வேண்டாமா? தண்ணீரில் குழைத்துக் கெட்டியாக மூன்று பட்டை போட்டேன். அண்ணி வீட்டுக் கண் படாமலிருக்க ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தை மிளகாயோடு கோத்து அந்தக் கண்ணிலேயே கட்டித் தொங்கவிட்டேன். கற்பூரம் காட்டினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும் கொள்ளு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா, டிஷ்ஷுக்கு மொட்ட எப்ப போடற? காது குத்து இருக்குதா?" என்றார் அண்ணன்.

"கெடா வெட்டுவாங்க, நம்மளக் கூப்புடுவாங்க" என்றார் அண்ணி.

வீட்டுக்குள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவளிடம் படிக்கட்டு வழியாகக் கத்தினேன்: "என்ன வருது?"

"மேல கோடு வருதுங்க! கீழ ஒண்ணுமில்ல!"

ஒரு விரல் அகலம் திருப்பினேன்.

"இப்ப?"

"ஒண்ணுமில்லீங்க!"

மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன், இடம் வலம் திருப்பினேன். மதியம் வரைக்கும் அந்த வீடே "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்று கிடந்தது. அண்ணி அந்தக் குரலை அப்படியே இழுத்துச் சொல்லிக் காட்டிச் சிரித்தார். வெயில் ஏறியதும் இருவரும் சாப்பிட இறங்கிப் போனார்கள். ஸ்பேனரை வீசி எறிந்துவிட்டு நானும் இறங்கி வந்தேன்.

"எங்கீங்க அந்தப் பழத்தக் கட்டுனீங்க?" என்றாள் மனைவி.

"கண்ணுலதான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க மூஞ்சிக்கு முன்னாடி ஒரு பழத்தத் தொங்கவிட்டு, கண்ணுல திருநீத்த அப்புனா உங்களுக்குத் தெரியுமாங்க?"

மேலே ஓடினேன். பழத்தை அவிழ்த்துக் குழாயின் பின்பக்கம் கட்டினேன். துண்டை நனைத்து விபூதியை வழித்துத் துடைத்தேன். மன்னிச்சுக்க சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மறுபடியும் மெதுவாகத் திருப்பினேன். கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"வந்திருச்சுங்க! ஏறுது, ஏறுது! கைய எடுங்க!"

போல்ட்டை முறுக்கிவிட்டுக் கீழே ஓடினேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, ஆள் வராமலே எப்படி மாட்டினீர்கள் என்று கேட்டார்கள். "பூஜ போட்டு, பழம் கட்டி மாட்டுனோம். எல்லாம் அண்ணாமலையார் புண்ணியம்" என்றாள் இவள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பழத்தை இடம் மாற்றியதை மட்டும் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

தீபத்தன்று மத்தியானம் கைப்பிடிச் சுவரில் அகல் வைக்க மாடிக்குப் போனேன். அண்ணன் வீட்டு டிஷ்ஷைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு ஒரு பழம் என்றால் அவர்களுக்கு ஒரு மாலை. எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் கோத்து, நெருக்கமாகக் கட்டி, அந்தக் கண்ணைச் சுற்றி இரண்டு சுற்று. மேலே சந்தனம். வெள்ளிக்கிழமை அம்மனுக்குக்கூட அண்ணி அவ்வளவு செய்ததில்லை.

கையை நீட்டினால் எட்டும். இரண்டு முடிச்சுதான்.

நான் தொடவில்லை. அகல்களை வைத்தேன், எண்ணெய் ஊற்றினேன், திரி போட்டேன். ஒவ்வொரு திரிக்கும் சிவசிவா சொல்லிக்கொண்டே போட்டேன். மனதுக்குள் எனக்கு அவ்வளவு குளிர்ச்சி.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அண்ணன் மாடிக்கு வந்தார். வேட்டி மடித்துக் கட்டியிருந்தது, முகம் வேர்த்திருந்தது.

"டேய் தம்பி, உங்களுக்குப் படம் வருதா?"

"நல்லா வருதுங்ணா."

"எங்களுக்குச் சிக்னல் இல்லைங்குது. அவ தம்பிக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறான். நீ கொஞ்சம் இங்க வந்து பாரேன்."

"மேகமா இருக்கும்ணா" என்றேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "இப்ப கைய வெச்சா தீபம் போயிரும். நம்ம வூட்டுக்கு வந்துருங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். அதற்குள் எங்கள் வீட்டில் அந்தத் தெருவில் பாதி உட்கார்ந்திருந்தது. அண்ணன் கதவோரம் நின்றுகொண்டார். அண்ணி தலை நிறையப் பூ வைத்து, புதுச் சேலை கட்டி, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிலைப்படியில் தயங்கினார். என் மனைவி காலை ஊன்றி எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். எல்லோருக்கும் முன்னால், டிவிக்கு நேராக, இருந்த ஒரே நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இத நீங்களே வெச்சுக்குங்கக்கா. எதாச்சும் வேற பாக்கணும்னா மாத்திக்குங்க."

சிரிக்காமல் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு வருடமாக அவள் நெஞ்சிலும் அது கிடந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போன வருடம் அந்த வீட்டில் கூட உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இங்கேயும் இருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணியின் காது சிவந்துபோனது.

அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டே வெளியே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அண்ணியும் எழுந்தார். ரிமோட்டைக் கீழே வைக்க இடமில்லை, நேரமும் இல்லை. அதை இரண்டு கைக்கும் நடுவில் வைத்தபடியே கும்பிட்டார். "அரோகரா" என்று வீடு அதிர்ந்தது. நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிவிப் பக்கம் திரும்பியபோது மலையில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. ஏற்றியதை நான் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா? எவ்வளவு அழகா வந்தாரு!" என்றாள் மனைவி. அவள் முகம் நனைந்திருந்தது.

"பாத்தேன்" என்றேன்.

தெருவில் முதல் அகல் எங்கள் வாசலில் எரிந்தது. அண்ணி எழுந்து போய், தன் வீட்டுக் கதவைத் திறந்து, தீப்பெட்டி தேடி எடுத்து வந்து ஏற்றுகிற வரைக்கும் அவர்கள் வாசல் இருட்டாகத்தான் இருந்தது. நான் வேண்டிக்கொண்டது அது. படியில் நின்று முழுதாகப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் மாடியிலிருந்து கூப்பிட்டார். சுவரைத் தாண்டிப் போனேன். மாலையை அவிழ்த்தேன், சந்தனத்தைத் துண்டால் துடைத்தேன். கீழேயிருந்து அண்ணியின் குரல் வந்தது: "வந்திருச்சு! என்ன பண்ணாங்க?"

அண்ணன் என் கையிலிருந்த பழங்களைப் பார்த்தார். திரும்பி, என் டிஷ்ஷின் குழாய்க்குப் பின்னால் காய்ந்து தொங்கிய பழத்தைப் பார்த்தார்.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணா."

"தெரிஞ்சும் பேசாம நின்னியா?"

"போன வருசம் அண்ணி மாத்துனப்ப நீங்களும் அங்கதானே உக்காந்திருந்தீங்க."

போன வருடம் தரையைப் பார்த்த மாதிரியே இப்போதும் பார்த்தார். அண்ணி மீது எனக்கு இருந்த கோபம் முந்தின நாள் நாற்காலியிலேயே தீர்ந்துவிட்டது. அவர் வேறு வீட்டில் பிறந்து வந்தவர். இவர் என் கூடப் பிறந்தவர். ஒரு வருடமாக நான் பதில் கேட்கக் காத்திருந்தது இவரிடம்தான்.

அவர் கையை நீட்டினார். மாலையைக் கொடுத்தேன். திருஷ்டி கழித்த பழம் வீட்டுக்குள் போகக் கூடாது, முச்சந்தியில்தான் போட வேண்டும். அண்ணன் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். பால் ஊற்ற வந்தவர்கள், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் மாடியிலேயே நின்றேன்.