செய்யாத முப்பத்தொரு சலவை

எங்கள் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இடியக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆறு இயந்திரங்களும் ஒன்றாகச் சுற்றும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அவள் குரல் மட்டும் வாசல் காவல்காரன் வரைக்கும் கேட்கும்.

"யாருடி அது, பையைத் துழாவிப் பார்க்காம உள்ள போட்டது? பேனா வெடிச்சு சட்டை பூரா நீலமாயிடுச்சு. இந்த ஆளைக் கப்பற்படைக்கு அனுப்பிடலாமா?"

அது ராணுவ முகாமின் சலவைக்கூடம். எட்டுப் பெண்கள் வேலை பார்த்தோம். இடியக்கா அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்தவள். புருஷன் போன பிறகு அந்த வேலையை வைத்துத்தான் ஒரே மகளை வளர்த்தாள். மகளைக் கட்டிக் கொடுத்ததும் ஒரு படைவீரனுக்குத்தான். "மாப்பிள்ளை தேடி நான் எங்கேயும் அலையல. துணி போட வந்தான், பிடிச்சு மகளுக்குக் கட்டி வச்சுட்டேன்" என்பாள். காலர் அழுக்கைப் பார்த்தே பையன் குணத்தைச் சொல்லிவிட்டாளாம்.

எனக்கு அவளுக்குப் பக்கத்து இயந்திரம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், அதிகம் பேசமாட்டேன். அவளுக்கு எழுத வராது. அவள் எழுத வேண்டியதை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனி வரப்போகும் கோடுகளைப் போட்டது என் கை.

அந்த வருடம் படைவீரர்களுக்குக் குண்டு துளைக்காத அங்கி வாங்குவதென்று அரசு முடிவு செய்தது. உள்நாட்டில் அதைச் செய்ய ஆளில்லை. இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் போட்டிக்கு நின்றன. ஒருவருடையது பச்சை நிறம், இன்னொருவருடையது மண் நிறம். அந்த ஊர்ப்பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. பச்சை நாடு, மண் நாடு என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். பச்சை நாடு கடன் தருகிறதாம், மண் நாடு துறைமுகத்தை ஆழப்படுத்தித் தருகிறதாம் என்று கிடங்குக்காரர் செய்தித்தாளைப் பார்த்து உரக்கப் படிப்பார். துணி வரவு, துணி அனுப்புதல் எல்லாம் அவர் பொறுப்பு. எங்களுக்கு மேலதிகாரியும் அவர்தான்.

"சுட்டுப் பார்த்ததுல ரெண்டும் தேறிடுச்சு. விலையும் அப்படி இப்படித்தான். எது ரொம்ப நாள் உழைக்கும்னு பார்க்கணுமாம். அதுக்கு நம்மகிட்ட வந்திருக்காங்க" என்றார் ஒரு நாள். மேசைமேல் இரண்டு அங்கிகளின் துணி உறைகளை வைத்தார். உள்ளே இருந்த தகடுகளைக் கழற்றிவிட்டுத் தந்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் நாற்பது தடவை துவைக்க வேண்டும். ஒவ்வொரு சலவைக்கும் அட்டையில் ஒரு கோடு போட வேண்டும். கடைசியில் மேலிடத்துப் பெரியவர்கள் வந்து பார்ப்பார்கள்.

இடியக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாட்டுக்கு எது வேணும்னு நாமதாண்டி சொல்லப்போறோம். மந்திரி எல்லாம் நமக்கு அப்புறம்தான்" என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அங்கியின் விலாப்பக்கம் ஒட்டுப்பட்டி வைத்து மூடுவது. ஒரு பட்டியில் முள் போன்ற சொரசொரப்பு, இன்னொன்றில் பஞ்சு போன்ற பரப்பு. அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் 'சர்ர்' என்று பிரியும். மண் நிறத்தில் இரண்டும் ஒரே அகலம். பச்சையில் முள் பட்டி அகலமாக இருந்தது. மூடிவிட்டாலும் விரல் அகலத்துக்கு முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு உறைக்காக ஓர் இயந்திரத்தை ஓட்ட முடியாது. மற்ற துணிகளோடு சேர்த்துத்தான் போட்டோம். ஒன்பதாவது சலவையில் பச்சை உறை கர்னலின் கம்பளிச் சட்டையைப் பிடித்துக்கொண்டது. வெளியே எடுத்தபோது சட்டை முழுக்க நூல் நூலாக இழுபட்டிருந்தது.

கிடங்குக்காரர் அன்று குதித்த குதி இன்னும் கண்ணில் நிற்கிறது. "இன்னொரு துணி இப்படி ஆச்சுன்னா உன்னை இஸ்திரிக்கு மாத்திடுவேன். அப்புறம் கரி வெக்கையில வெந்து சாவு" என்று அவளிடம் விரலை ஆட்டினார். அவளுக்கு இஸ்திரி என்றால் பயம். ஏற்கெனவே முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு இருந்தது.

மறுநாள் அவள் பச்சை உறையை இயந்திரத்தில் போடவில்லை. வாளியில் சோப்புத் தண்ணீரில் முக்கி, இரண்டு குலுக்குக் குலுக்கி, பிழிந்து கொடியில் போட்டாள். என்னைப் பார்த்தாள்.

"கோடு போடு."

"இயந்திரத்துல போடலையே அக்கா?"

"நனைஞ்சுதா இல்லையா? சோப்பு பட்டுதா இல்லையா? போடுடி. பெரிய நீதிபதி வந்துட்டா."

நான் போட்டேன். அடுத்த நாளும் போட்டேன். மண் நிற உறை தினமும் இரண்டு தடவை மற்ற துணிகளோடு புரண்டு, முறுக்கப்பட்டு, அடிபட்டு வெளியே வந்தது. பச்சை வாளியில் குளித்துவிட்டு வெயில் காய்ந்தது. முப்பத்தொரு கோடுகள் அப்படி விழுந்தன. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. எங்களுக்கு அது ஒரு தொல்லை பிடித்த துணி, அவ்வளவுதான்.

பெரியவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மண் நிறத்தின் பட்டியை இழுத்துப் பார்த்தார்கள். ஓரத்தில் பிடிப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது. பச்சையை இழுத்தார்கள். கூடமே திரும்பிப் பார்க்கும்படி 'சர்ர்' என்றது.

"நாப்பது சலவைக்கு அப்புறமா? புதுசு மாதிரியே இருக்கே" என்றார் ஒருவர். அட்டையை வாங்கிப் பார்த்தார், தலையாட்டினார், பையில் போட்டுக்கொண்டார். இடியக்கா என்னைப் பார்க்கவில்லை. நான் சோப்புத் தூள் மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டேன்.

எட்டாயிரம் பச்சை அங்கிகள் வாங்கினார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து எல்லையில் இருந்து அவை துவைக்க வரத் தொடங்கின. முதல் மூட்டையைப் பிரித்ததும் இடியக்கா சிரித்தாள். பல அங்கிகளின் விலாப்பக்கம் பூட்ஸ் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. "எவண்டா இது, அங்கிக்கு அரைஞாண் கட்டினவன்?" என்று ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினாள். நாங்களும் சிரித்தோம். பிறகு கயிற்றை அவிழ்த்து ஒட்டுப்பட்டியை அழுத்தினாள். கையை எடுத்ததும் அது தானாக வாயைப் பிளந்தது. முள்ளுக்கு இடையில் எல்லாம் நூலும் பஞ்சும் அடைத்துக் கிடந்தன. இன்னொன்றை எடுத்து அழுத்தினாள். அதுவும் அப்படியே.

அவள் மூட்டை முழுவதையும் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஒட்டியவற்றை ஒரு கை விரலில் எண்ணலாம்.

மூட்டையின் அடியில் கறை படிந்த ஒன்று இருந்தது. அக்குளுக்குக் கீழே, உள்பக்கமாக, காய்ந்து கறுத்த கறை. ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது. அவள் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தாள். ஊறவைப்பதற்கு முன்னால் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கியில ஓட்டையே இல்லடி" என்றாள்.

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அங்கியைத் துளைத்துக்கொண்டு எதுவும் போகவில்லை. திறந்து கிடந்த இடத்தின் வழியாகப் போயிருக்கிறது.

அந்த ஆள் பிழைத்தானா என்று கிடங்குக்காரரிடம் கேட்டாள். துணியோடு அந்த விவரம் வருவதில்லை என்றார்.

அதன்பின் அவள் கத்தவில்லை. பையில் பேனா இருந்தாலும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போவாள். காவல்காரன் ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன, இடி மழை எல்லாம் ஓய்ஞ்சு போச்சா?" என்றான். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "முப்பத்தொண்ணு" என்பாள் ஒரு தடவை. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போவேன். நான் அன்று ஒரு தடவை கேட்டேன் என்பது உண்மை. ஒரு தடவை கேட்டுவிட்டு முப்பத்தொரு கோடு போட்டேன் என்பதும் உண்மை.

அந்த மாதம்தான் மருமகன் பத்து நாள் விடுப்பில் வந்தான். அவனுடைய அங்கியிலும் கயிறு. "இது புது மாடல் அத்தை. வெளிநாட்டுக்காரன் பாதி செஞ்சான், மீதியை நாங்க செஞ்சோம்" என்று சிரித்தானாம். அவள் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாளாம்.

அதே வாரம் கிடங்குக்காரர் செய்தி கொண்டுவந்தார். இன்னும் பன்னிரண்டாயிரம் அங்கி வாங்கப்போகிறார்கள். மறுபடி பச்சைதான். புதிதாகச் சோதிக்கப் போவதில்லை, பழைய அட்டையே போதும் என்று முடிவாம். பெரியவர்கள் வியாழக்கிழமை வந்து சலவைக்கூடத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

இடியக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. "எதுக்கும்மா இப்போ வாயைத் திறக்குற? அட்டையில என் முத்திரை இருக்கு. உன் வேலை போகும், இவ வேலை போகும், என் தலை போகும். கயிறு கட்டிட்டுப் போறாங்க இல்ல? விடு."

"என் மாப்பிள்ளையும் கட்டிட்டுத்தான் போகுதுங்க."

"அதான் சொல்றேன். உனக்கு அடுத்த வருஷம் ஓய்வூதியம். மகளையும் நினைச்சுப் பாரு."

அன்று கொடியில் துணி போடும்போது அவள் ஒரே சட்டையை மூன்று தடவை எடுத்து எடுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை வந்தார்கள். போன தடவை வந்த மூன்று பேரில் இருவர், கூட ஓர் இளம் கேப்டன். கேப்டன் அட்டையைக் கையில் வைத்திருந்தார். "இதுல கோடு போட்டது யாரு?" என்று சும்மாதான் கேட்டார்.

நான் கொடிக்குப் பின்னால் நின்றேன். கையைத் தூக்கினேன். என் வாழ்நாளில் அத்தனை பேர் என்னை ஒன்றாகப் பார்த்ததில்லை.

"போடச் சொன்னது நான்தாங்கய்யா" என்று இடியக்கா முன்னால் வந்தாள். "நாப்பது இல்லீங்க. ஒம்பது. மிச்சத்தை நான் துவைக்கவே இல்ல."

"ஏன்?"

"கர்னல் ஐயாவோட கம்பளிச் சட்டையை இழுத்துடுச்சுங்க."

ஓர் அதிகாரி சிரித்துவிட்டார். மற்றவரும் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. இடியக்கா தயாராக வைத்திருந்த இரண்டு அங்கிகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். ஒட்டுப்பட்டியை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். அது பிளந்துகொண்டது. சிரிப்பு நின்றது.

"இது எத்தனை சலவை கண்டது?" என்று கேப்டன் கேட்டார்.

"துணி வெளுத்திருக்கறதைப் பார்த்தா பதினாறு, பதினேழு இருக்குங்க. அன்னிக்கு ஒழுங்கா துவைச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியுங்க." கொஞ்சம் பொறுத்து, "ரத்தக் கறையோட ஒரு அங்கி வந்துச்சு, அந்த ஆள் பிழைச்சாரான்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்கய்யா. அங்கி நம்பர் வச்சிருக்கேன்" என்றாள்.

அந்த எண்ணை ஒரு சோப்பு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தேன். கேப்டன் வாங்கிக்கொண்டார். பதில் இதுவரை வரவில்லை.

கையெழுத்து அன்று விழவில்லை. இரண்டு கம்பெனி அங்கிகளையும் மறுபடி துவைக்க உத்தரவு வந்தது, இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாயை உட்காரவைத்து. இடியக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். எனக்கும் கிடங்குக்காரருக்கும் கண்டனக் கடிதம் வந்தது. என் கடிதத்தை நானே படித்தேன். அவளுடையதையும் நானே அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

மகள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "என் புருஷன் உயிரை வச்சு விளையாடியிருக்கியே அம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னாளாம், அவ்வளவுதான். தட்டை முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாளாம்.

மருமகன் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இடியக்கா அவனுடைய அங்கியை மடியில் வைத்துக்கொண்டு, விலாவில் பட்டையும் கொக்கியும் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பை தைக்கிற கடையில் கொக்கி வாங்கியிருந்தாள். பல்லால் நூலை அறுத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, மறுபடியும் தைத்தாள். தட்டில் சாப்பாடு தொடாமல் இருந்தது.

அவன் வந்து நின்று பார்த்தான்.

"எனக்கு மட்டுமா அத்தை?"

அவள் நிமிரவில்லை.

"எங்க பிரிவுல பன்னிரண்டு பேர். எல்லாரும் கயிறு. நான் மட்டும் கொக்கி போட்டுக்கிட்டுப் போய் எப்படி நிக்குறது?"

"போட்டுக்கோங்க மாப்பிள்ளை. என் மேல கோபம் இருந்தா இருக்கட்டும், இதைப் போட்டுக்கோங்க."

அவன் குனிந்து கொக்கியை இழுத்துப் பார்த்தான். பிறகு, "இன்னும் பதினொரு பேருக்குக் கொக்கியும் பட்டையும் வாங்கிக் குடுங்க. ஊசி எங்ககிட்ட இருக்கு. தைச்சுக்குறோம்" என்றான்.

அவள் ஊசியை அங்கியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். செருப்பு மாட்டுவதற்குள் நானும் எழுந்தேன். கடைக்காரர் அத்தனை கொக்கி இல்லை என்றார். இன்னும் மூன்று கடை ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கொக்கியையும் அவள் மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துத்தான் வாங்கினாள்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் அவன் பையைத் தோளில் மாட்டியபோது உள்ளே கொக்கிகள் கலகலவென்றன. மகள் அவன் பக்கத்தில் நின்றாள். இடியக்கா நான்கு அடி தள்ளி என்னோடு நின்றாள். அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"அத்தை, என்னோடதையும் சேர்த்துப் பன்னிரண்டு இருக்கா? எண்ணுனீங்களா?"

"எண்ணுனேன் மாப்பிள்ளை."

"நானும் ஒரு தடவை எண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவன் பையை மடியில் வைத்துத் திறந்தான். பேருந்து நகர்ந்தபோதும் அவன் குனிந்து எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.