புதுக்கட்டுக்கு இறங்கும் படி

எங்கள் ஊர் வேதக்கோயிலைப் பார்க்க யார் வந்தாலும் பெரியப்பா அதை ஒரே ஒழுங்கில்தான் காட்டுவார். முதலில் வாசல் வளைவு, போர்த்துக்கேயர் கட்டியது. பிறகு உள்ளே வெறும் வெள்ளைச் சுவர்கள். போர்த்துக்கேயர் வைத்திருந்த சொரூபங்களைப் பின்னால் வந்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், அகற்றிவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். பிரசங்க பீடத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்றாவது, தரையில் பதித்த ஒல்லாந்தக் கல்லறைக் கற்கள். கடைசியில் சுவர். யன்னலுக்குப் பக்கத்தில் நின்று உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"கடல் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். நாலடி மொத்தம். பீரங்கி வைச்சு அடிச்சாலும் அசையாது."

பெரியப்பா சபையின் மூப்பர். நான் அவருக்குப் பின்னால் திரிந்து இந்த விவரமெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். இப்போது கட்டட வரைபடங்கள் கீறுவதுதான் என் தொழில். அதற்கான முதல் பாடம் அவரிடம் கற்றது என்பதை மறுக்க முடியாது.

சுவரின் மொத்தத்தை நானும் என் சிநேகிதி ராணியும் வேறு விதமாக அளந்து வைத்திருந்தோம். பழைய கட்டின் யன்னல் படுகையில் குறுக்காகக் கால் நீட்டிப் படுத்தால் நாங்கள் முழுசாக அடங்கிவிடுவோம். ஞாயிறு பாடசாலை முடிந்ததும் அதுதான் எங்கள் விளையாட்டு. ஒருத்தி செத்துப்போன ஒல்லாந்தத் துரை, மற்றவள் போதகர்.

"எழும்படி. துரை செத்து முந்நூறு வருசமாச்சு. இனி என்ரை முறை" என்று ராணி என் காலைப் பிடித்து இழுப்பாள். அவள் முறை வரும்போதுதான் பெரும்பாலும் பெரியப்பா வருவார். "இறங்கு பிள்ளை, அது படுக்கிற இடமே?" என்பார். நான் படுத்திருக்கும்போது அவர் வந்தால் சிரித்துவிட்டுப் போவார்.

ராணியின் குடும்பம் பனங்கூடலுக்குப் பின்னால் இருந்த குறுகிய ஒழுங்கையில் குடியிருந்தது. அந்த ஒழுங்கைக்காரர் எல்லாரும் எங்களைப்போல வேதக்காரர், கிறிஸ்தவர்கள்தான். கோயிலில் அவர்கள் இருப்பது மேற்குப் பக்கத்துப் புதுக்கட்டில். மிஷனரிமார் காலத்தில் ஆட்கள் கூடிவிட்டதால் நீட்டிக் கட்டியது என்று பெரியப்பா வந்தவர்களுக்குச் சொல்லுவார். அங்கே சுவர் ஒற்றைக்கல். யன்னல் படுகையில் ஒரு பாட்டுப் புத்தகம் வைக்கத்தான் இடமிருந்தது. கூரை தகரம். இருக்கிற வாங்குக்குப் பதில் பாய். வாசலும் தனி. பழைய கட்டிலிருந்து அதற்குப் போக ஒரு படி இறங்க வேண்டும்.

"ஏன் பெரியப்பா இதிலை படி வைச்சிருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மழைத்தண்ணி ஏறாமலுக்குத்தான்."

கோயில் வளவு முழுவதும் ஒரே மட்டம் என்பதும், தண்ணீர் அங்கே ஒருபோதும் தேங்கியதில்லை என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் சாதி என்ற சொல்லை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு இராணுவ முகாமிலிருந்து ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் பாறை நிலம். பங்கர் வெட்ட அலவாங்கு இறங்காது. அதனால் சத்தம் கேட்டதும் ஊர் முழுதும் நாலடிச் சுவரைத் தேடி வேதக்கோயிலுக்கு ஓடி வரும். வருகிறவர்களை இருத்தும் பொறுப்பைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். படியில் நின்றுகொண்டு கைகாட்டுவார்.

ஒரு பின்னேரம் எதிர்வளவு வாத்தியார் குடும்பத்தோடு வந்தார். சுத்த சைவம். நெற்றி நிறையத் திருநீறு. வேதக்கோயில் வாசலைக்கூட அதுவரை மிதித்தவரில்லை. உள்ளே வரத் தயங்கி நின்றார்.

"வாங்கோ வாத்தியார், என்ன யோசிக்கிறியள்? முன்னுக்குப் போங்கோ. பிள்ளையளைச் சுவரோடை இருத்துங்கோ."

"உங்கடை கோயில்... எங்களாலை உங்களுக்குக் கரைச்சல்."

"என்ன கதை இது? நாங்கள் ஆக்கள் வேறையே?"

அவர்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று சைவக் குடும்பங்கள் வந்தன. எல்லாரையும் பிரசங்க பீடத்துக்கு அருகில் இருத்தினார். அதன்பிறகுதான் மேற்கு வாசலால் ஒழுங்கைச் சனம் வந்தது. ராணியின் தாய் கைக்குழந்தையோடு படிக்குக் கீழே வந்து நின்றார்.

"ஐயா, பிள்ளையளை மட்டுமாவது மேலை விடுங்கோவன். இஞ்சை சுவர் சரியான மெல்லிசு."

"இடம் எங்கை கிடக்கு? பார், நிறைஞ்சுபோச்சு. உங்கடை இடத்திலை இருங்கோ. கர்த்தர் அங்கையும் இஞ்சையும் ஒண்டுதான்."

"ஒரு ஓரமாக் காணும், ஐயா."

"சொன்னாக் கேள். குழப்படி பண்ணாதை."

அம்மா எழும்பினார். "பிள்ளையள்தானே, மச்சான். என்ரை மடியிலை இருக்கட்டும்."

பெரியப்பா அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவின் கையைப் பிடித்து இருத்தினார். வாத்தியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் துரையாகப் படுக்கும் யன்னலுக்குக் கீழே, சுவரோடு, எங்கள் ரேடியோப் பெட்டியும் வாத்தியாரின் சூட்கேசும் வைக்கப்பட்டிருந்தன.

ராணி தாயோடு போகவில்லை. படியின் விளிம்பில் குந்தி எனக்கு முகத்தைச் சுளித்துக் காட்டினாள். நானும் காட்டினேன். சனத்தின் பயத்தைப் போக்கப் பெரியப்பா ஒரு ஞானப்பாட்டைத் தொடங்கினார். இரண்டாம் சரணத்தில் ஷெல் விழுந்தது.

எங்கள் தலையில் சுண்ணாம்புத் தூள் மட்டும் கொட்டியது. புதுக்கட்டின் மேற்குச் சுவர் அப்படியே உள்ளே சரிந்து, தகரங்கள் அதன்மேல் விழுந்து கிடந்தன. ராணி குந்தியிருந்த இடத்திலேயே விழுந்திருந்தாள். முழங்காலில் ஒரு கீறல் மட்டும். அப்பாவும் வாத்தியாரும் மற்ற ஆண்களும் படியிறங்கிக் கல்லைப் புரட்டினார்கள். வாத்தியார்தான் ராணியின் தாயைத் தூக்கி வந்தார். குழந்தையை அந்தக் கையிலிருந்து பிரிக்க முடியவில்லை. ஒழுங்கையிலிருந்து வந்தவர்களில் வேறு மூன்று பேரும் உயிரோடில்லை. எல்லாரையும் பழைய கட்டில், ஒல்லாந்தக் கற்களின்மேல் கிடத்தினார்கள். அப்போது இடம் இருந்தது.

அடுத்த ஞாயிறு நன்றி ஆராதனை. "கர்த்தர் எங்களைக் காத்தார்" என்று பெரியப்பா சாட்சி சொன்னார். புதுக்கட்டு இருந்த பக்கத்தைப் படங்குச் சீலையால் மறைத்திருந்தார்கள். ஒழுங்கையிலிருந்து யாரும் வரவில்லை. ராணியை அவளுடைய மாமன் வன்னிக்குக் கூட்டிப்போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு நான் அவளைக் காணவில்லை. பெரியப்பா கோயில் காட்டும் ஒழுங்கில் கடைசியாக ஒன்று சேர்ந்தது. சுவரைத் தட்டிவிட்டு, "ஷெல் விழுந்தது, ஒரு வெடிப்பு இருக்கோ பாருங்கோ" என்பார்.

எனக்கு அடிக்கடி நினைவில் வருவது ஷெல் விழுந்த மறுநாள் காலை. அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தார். ஒழுங்கைப் பெண்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளிவந்து புதுக்கட்டுத் தரையைக் கழுவினார்கள். வாளி வாளியாக ஊற்றினார்கள். சிவந்த தண்ணீர் சுழன்று வந்து படியில் முட்டி, மேலே ஏற முடியாமல் திரும்பி, அவர்களின் வாசலால் வெளியேறியது. நான் மேலே, காய்ந்த தரையில் நின்றேன். செருப்புக்கூட நனையவில்லை.

படியைப் பற்றிப் பெரியப்பா சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.